அமான்சியோ வாசிக்காத ஆகஸ்ட்

கஷோய்ரா
பிப்ரவரி 27, 1977

அன்புள்ள தம்பி ஜெனிவாலுக்கு,

நல்மரண மாதாவின் கருணையில் நான் சுகமாக இருக்கிறேன். அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. புகையிலைக் கிட்டங்கியில் காலையிலிருந்து உட்கார்ந்து இலை பிரித்துவிட்டு எழுந்தால், நான் எழுந்து சற்று நேரம் கழித்துத்தான் அது எழுகிறது.

கார்னிவல் முடிந்தது. படகுத் துறையில் சம்பா ஆட்டம் வைத்தோம். நல்ல கூட்டம். ஆனால் பண்டேரோ மேளத்துக்கு ஆள் சரியில்லை. நீ போனதிலிருந்து ரொட்டிக்கடைக்காரர்தான் அடிக்கிறார். மாவு பிசைகிற மாதிரியே அடிக்கிறார். நான் தட்டில் கத்தியை உரசி உரசி அவரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பக்கத்தில் வயோலாக் கம்பிகளை மீட்டிக்கொண்டிருந்த அமான்சியோ குனிந்து, "இவரு ரொட்டி வேகறதுக்குள்ள நாம பாட்டை முடிச்சுக்கலாம் சுல்மீரா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து பாட்டு வரி மறந்துபோயிற்று.

ஒரு செய்தி. சால்வடாரில் விழா நடத்துகிற ஆள் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருந்தார். ஜூலை இரண்டாம் தேதி விழாவுக்கு நம் ஆட்களை மேடையில் ஏற்ற வேண்டும் என்கிறார். கஷோய்ராவின் சம்பாவைச் சால்வடார் மேடையில் கூப்பிட்டு வைப்பது நமக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. நீ எப்படியாவது லீவு சொல்லிவிட்டு வா. உன் பண்டேரோவின் தோல் இந்த மழையில் தளர்ந்துபோயிற்று. அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.

அடுப்பங்கரைக் கூரையும் ஒழுகியது. அமான்சியோ படகு வேலையை விட்டுவிட்டு வந்து ஓடு மாற்றிக் கொடுத்தார். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் சாப்பாடு போட வேண்டியதாயிற்று. உன் அத்தான் தெயோடோரோ போய் இந்த மார்ச்சோடு மூன்று வருஷம். பூசைக்குச் சொல்லியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் தலையை மூடு.

உன் அக்கா,
சுல்மீரா

---

சாவோ பெர்னார்டோ
மார்ச் 13, 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் நலமா என்று தனியாகக் கேட்கிறேன், அது கோபித்துக்கொள்ளக் கூடாது.

இங்கே வேலை எப்போதும் போலத்தான். ஆலையில் என்னை அழுத்து இயந்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தகட்டை வைத்தால் தட்டு மாதிரி வளைத்துத் தள்ளும். அதற்கும் ஒரு தாளம் உண்டு. நான் அதோடு சேர்ந்து வாயில் முணுமுணுப்பேன். மேஸ்திரி, "ஏய் பாயானோ, இங்க என்ன திருவிழாவா?" என்று கத்துவார். வடக்கேயிருந்து யார் வந்தாலும் இவர்களுக்கு பாயானோதான். வசவு மாதிரிச் சொல்வார்கள். நான் பாயாக்காரன்தானே, எனக்கு அது வசவாக விழுவதில்லை. மற்றவர்கள்தான் பாவம், செர்ஜிப்பிக்காரனும் செயராக்காரனும் சண்டைக்குப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதி முற்றத்தில் நாங்கள் கூடுகிறோம். பிஸ்கட் டப்பா ஒன்றும் நாற்காலி ஒன்றும் வைத்து சம்பா அடிக்கிறோம். மினாஸ்காரப் பையன்களுக்குக் கைதட்டுகூட வரவில்லை. எப்படித் தட்டினாலும் ராணுவ அணிவகுப்பு மாதிரி விழுகிறது. "டேய், கையைத் தட்டாதீங்கடா, கையைப் பேச விடுங்கடா" என்று சொல்லிப் பார்த்தேன். விடுதிக்காரி தோனா இவோனி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஆனால் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் அவள் கால் ஆடியதை நான் பார்த்தேன்.

ஜூலைக்கு லீவு கேட்டுவிட்டேன். கட்டாயம் வருகிறேன். பண்டேரோவை அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்காதே, தோல் வெடிக்கும். லாரிக்கார வால்டிர் இந்தப் பக்கம் வந்தால் ஒரு போத்தல் தெந்தேப் பனை எண்ணெய் கொடுத்து அனுப்பு. இங்கே விற்கிற எண்ணெயில் நிறம்தான் இருக்கிறது.

இன்னொன்று. உன் கடிதத்தில் என் பெயரைவிட அமான்சியோ அண்ணன் பெயர் அதிகமாக வருகிறது. அடுத்த கடிதத்தில் எண்ணிப் பார்க்கப் போகிறேன்.

உன் தம்பி,
ஜெனிவால்

---

கஷோய்ரா
ஏப்ரல் 10, 1977

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகம் எழுது. இன்று ஈஸ்டர். தெந்தே எண்ணெய் இரண்டு போத்தல், மரவள்ளி மாவு ஒரு பை, வால்டிரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மாவை மினாஸ்காரர்களுக்குக் கொடுத்து வீணாக்காதே.

எண்ணி எழுத உனக்கு வேறு வேலை இல்லையா? கூரைக்கு ஓடு மாற்றியவர் பெயரை எழுதாமல் கூரையே தானாக ஓடு மாற்றிக்கொண்டது என்றா எழுதுவது?

சால்வடார்க்காரர் மறுபடி வந்தார். இந்த முறை நிபந்தனைகளோடு வந்தார். நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைச் சரிகைப் பாவாடை கட்ட வேண்டுமாம். பத்து நிமிஷத்தில் முடிக்க வேண்டுமாம். கிளம்பும்போது, "ஆடறதுக்கு முன்வரிசையில ரெண்டு சின்னப் பொண்ணுங்களை நாங்களே அனுப்பறோம். நடனப் பள்ளிப் பொண்ணுங்க. நீங்க எல்லாம் பின்னாடி வட்டமா நின்னு கைதட்டினா போதும்" என்றார்.

எங்களோடு ஆடுகிற தோனா ஹொசாலியா கேட்டாள்: "அந்தப் பொண்ணுங்களுக்கு சம்பா தெரியுமா தம்பி?"

"ஒரு வாரத்துல கத்துக்குவாங்க அம்மா."

"அப்படியா. எனக்கு அம்பத்தெட்டு வயசு. இன்னும் முழுசா வரலை."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரிக்கவில்லை. போகலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாகப் பேச்சு. அமான்சியோ முற்றத்தில்தான் கூடுகிறோம், அங்கேதான் இடம் அகலம். கடைசியில் போவது என்று முடிவாகியிருக்கிறது. பாவாடை எங்களிடம் இருப்பதைக் கட்டுவோம். மற்றதை மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அமான்சியோ சொல்கிறார்.

எண்ணிக்கொள்.

உன் அக்கா,
சுல்மீரா

---

சாவோ பெர்னார்டோ
மே 29, 1977

அக்காவுக்கு,

நலம். லீவு கிடைக்கவில்லை. ஜூலைக்கு வர முடியாது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். ரொட்டிக்காரரை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் சொல்கிறபடியே செய்துவிட்டு வாருங்கள். யார் முன்னால் ஆடினால் என்ன? எல்லாம் சத்தம்தானே. இங்கே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டேன். பேனா சரியில்லை.

ஜெனிவால்

---

கஷோய்ரா
ஜூன் 19, 1977

தம்பி ஜெனிவாலுக்கு,

நான் சுகம். உன் கடிதம் கிடைத்தது.

பேனா சரியில்லை என்று எழுதியிருக்கிறாய். பேனா கோணலாகும், எழுத்து இப்படிக் கோணலாகாது. முதல் வகுப்புப் பிள்ளை எழுதினதுபோல ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. குடிக்கிறாயா? அப்பாவும் குடிக்கத் தொடங்கியபோது முதலில் கையெழுத்துதான் போனது. குடிப்பதாக இருந்தால் சொல்லிவிடு. இல்லையென்றால் இல்லை என்று சொல்.

எண்ணெய் வந்ததா என்றுகூட நீ எழுதவில்லை. விடுதிக்காரியிடம் கொடுத்ததாக வால்டிர் சொன்னான். நீ அறையில் இல்லையாம்.

சத்தம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏழாம் மாதம் வரை இந்தச் சத்தத்தில் ஆடினாள். கிட்டங்கியில் நாள் முழுக்க எங்களை "ஏய்" என்று கூப்பிடுகிற கங்காணி, சாயங்காலம் துறைக்கு வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்பது இந்தச் சத்தத்தைத்தான். இனி உனக்கு சம்பாவைப் பற்றி எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுல்மீரா

---

கஷோய்ரா
ஜூலை 10, 1977

தம்பிக்கு,

நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. சம்பாவைப் பற்றி எழுத மாட்டேன் என்று எழுதியிருந்தேன். ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை. இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் கூடவே இருந்தார்கள்.

சால்வடார் போனோம். அந்த இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள், சண்டைக்காரர்கள் இல்லை. எங்களைப் பார்த்துப் பயந்துகொண்டு நின்றார்கள். தோனா ஹொசாலியா ஒருத்தியின் இடுப்பில் கை வைத்து, "இங்கேயிருந்து இல்லடி கண்ணு, பாதத்துலேருந்து. பாதத்தை நகத்தாம நகத்து" என்றாள். அந்தப் பெண் முயற்சி செய்தாள். பிறகு, "பாட்டி, நீங்களே ஆடுங்க, நான் பின்னாடி நிக்கறேன்" என்று தானாகவே சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டாள். விழாக்காரருக்கு அது தெரியாது.

மேடை ஏறினோம். அமான்சியோ தொடங்கினார். ஹொசாலியா வட்டத்துக்குள் போய் ஆடினாள். அடுத்தவள் வயிற்றில் தன் வயிற்றை இடித்து அழைத்துவிட்டு வந்தாள். அவள் ஆடினாள். அவள் அடுத்தவளை அழைத்தாள். உனக்குத் தெரியாதா, ஒவ்வொருத்திக்கும் முறை வந்தால்தான் ஒரு சுற்று முடியும். பத்து நிமிஷத்தில் மூன்று பேர்தான் ஆடியிருந்தோம். விழாக்காரர் ஓரத்தில் நின்று கையை வீசி வீசிக் காட்டினார். அமான்சியோ கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அவர் வாசிக்கும்போது கண்ணை மூட மாட்டார். அன்றைக்கு மூடிக்கொண்டார். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். வயோலா சத்தம் முன்வரிசைக்குக்கூடப் போகவில்லை.

அமான்சியோ நாற்காலியை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். நாங்கள் பின்னால் இறங்கினோம். மேடைக்குப் பக்கத்துத் தெருவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கூட்டம் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. மீன் விற்கிறவர்கள், துறைமுகத்து மூட்டைக்காரர்கள், அக்கராஜே வடை சுடுகிற பெண்கள். சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். நான் தட்டை உரசிக்கொண்டே இருந்தேன். எனக்குக் கை வலிக்கவில்லை. எல்லோருக்கும் முறை வந்தது. முறை இல்லாத சால்வடார்ப் பெண்களும் வந்து ஆடினார்கள். ஒரு கிழவி, "எங்க தெருவுல என் அம்மா ஆடினது. இதை மேடையில வச்சு என்னா பண்றாங்க?" என்று கேட்டாள்.

ஊர்ப் பேருந்து போய்விட்டது. மற்றவர்கள் ஒரு காய்கறி லாரியில் ஏறிப் போனார்கள், அதில் இடம் போதவில்லை. நானும் அமான்சியோவும் அங்கே அவர் தங்கை வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வந்தோம்.

எழுது. கோபம் இருந்தாலும் எழுது.

உன் அக்கா,
சுல்மீரா

---

கஷோய்ரா
ஆகஸ்ட் 17, 1977

தம்பிக்கு,

நான் நலம். இன்னும் பதில் இல்லை.

வால்டிர் உன்னை அங்கே பேருந்து நிறுத்தத்தில் பார்த்தானாம். வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே பேசினாயாம். அவன் கை நீட்டியபோது இடது கையைக் கொடுத்தாயாம். "ஏன் அக்கா, பெரிய ஊருக்குப் போனா கைகூட மாத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டான். அதை அமான்சியோவிடம் சொன்னேன். வயோலாவுக்குக் கம்பி வாங்க ஃபெய்ரா டவுன் வரை போய்வருகிறேன் என்று மறுநாள் கிளம்பிப் போனார். இன்னும் வரவில்லை.

மாதா திருவிழா அவர் இல்லாமலே நடந்தது. ஊர்வலம் முடிந்து சம்பாவுக்கு எல்லோரும் கூடினார்கள். வயோலா வாசிக்க ஆள் இல்லை. அக்கரை சாவோ ஃபெலிக்ஸிலிருந்து ஒருவரை அழைத்து வந்தோம். நன்றாகத்தான் வாசித்தார். அமான்சியோ இந்தத் திருவிழாவுக்கு வராமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. அவர் அம்மாவை அடக்கம் செய்த வருஷம்கூட வந்து உட்கார்ந்தார். எங்கே, எங்கே என்று என்னையே கேட்டார்கள். என்னை ஏன் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை.

கம்பி வாங்க இத்தனை நாள் ஆகாது.

சுல்மீரா

---

சாவோ பெர்னார்டோ
ஆகஸ்ட் 24, 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். நிதானமாகப் படி. இடது கையால் எழுதுவது, அதனால் எழுத்து இப்படி.

அமான்சியோ அண்ணன் இங்கே வந்திருந்தார். நேற்றுக் காலை பேருந்து ஏற்றி அனுப்பினேன். நீ சொல்லி அனுப்பவில்லை, அவராகத்தான் வந்ததாகச் சொல்கிறார். நம்புகிறேன். நீ அனுப்பியிருந்தால் வெறுங்கையோடு அனுப்பியிருக்க மாட்டாய், மாவாவது வந்திருக்கும்.

ஏப்ரலில் இயந்திரம் என் கையைப் பிடித்துவிட்டது. வலது கையில் நடுவில் இருந்த மூன்று விரல்கள் இல்லை. கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன. நீ அனுப்பிய எண்ணெய் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது வலி இல்லை. ஆலையில் கருவிகள் வைக்கிற அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலை சுலபம். நான் குடிக்கவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். மே மாதம் எழுத உட்கார்ந்தேன். உன் ஏப்ரல் கடிதம் எதிரே இருந்தது. அதில் ஹொசாலியா அம்மா இருந்தாள், ஜூலை இருந்தது. அதற்குப் பதிலாக இதை எப்படி எழுதுவது? சத்தம் என்று எழுதினேன். அதை எழுதிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அமான்சியோ அண்ணன் ஒரு மத்தியானம் விடுதி வாசலில் நின்றார். வயோலாவைப் பழைய போர்வையில் சுற்றித் தோளில் வைத்திருந்தார். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சாப்பிட என்ன இருக்கு?" என்றார். இரண்டு நாள் அப்படித்தான் போனது. கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், தோனா இவோனியின் கதவுக்குக் கீல் மாற்றிக் கொடுத்தார். உன் வீட்டிலும் கூரையில்தான் தொடங்கினார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வயோலாவை எடுத்தார். நான் அறைக்குள்ளேயே படுத்திருந்தேன். பையன்கள் கூடிவிட்டார்கள். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு உள்ளே வந்து கதவருகே நின்றார்.

"எழுந்து வா."

"எதுக்கு அண்ணே? நான் என்னத்தை அடிக்கிறது?"

"அதான் எனக்கும் தெரியலை. வெளியே வந்தாதானே தெரியும்."

போனேன். அவர் விடுதிக்காரியிடம் போய் ஒரு பீங்கான் தட்டும் கத்தியும் கேட்டு வாங்கி வந்து என் மடியில் வைத்தார். செயராக்காரன் ஒருவன் சிரித்துவிட்டு, "அது பொம்பளைங்க வாசிக்கிறதாச்சே தாத்தா" என்றான்.

"ஆமா" என்றார் அண்ணன். "அதான் கஷ்டம். இவனால முடியுமான்னு பாப்போம்."

தட்டைப் பிடிக்கக் கட்டை விரலும் சுண்டு விரலும் போதும், அக்கா. உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்கிறது. கத்தி இடது கையில். முதலில் கேட்கச் சகிக்கவில்லை. கொல்லன் பட்டறை மாதிரி இருந்தது. சின்ன வயதிலிருந்து உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், எங்கே இழுக்க வேண்டும் எங்கே விட வேண்டும் என்று காதுக்குத் தெரிகிறது, கைக்குத்தான் தெரியவில்லை. அண்ணன் நிறுத்தவே இல்லை. நான் விட்டால் அவர் அதே அடியைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு காத்திருந்தார். சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டு நின்றது. தோனா இவோனி ஜன்னலைத் திறந்து, "என் தட்டுல கீறல் விழுந்தா நீங்கதான் குடுக்கணும்" என்றாள். விழுந்துவிட்டது.

மாதா திருவிழா அன்று அவர் பேருந்தில்தான் இருந்திருக்கிறார். "தப்பிப்போச்சே அண்ணே" என்றேன். "மாதாவுக்கு என்னைத் தெரியும்" என்றார்.

கிளம்புகிற அன்று பேருந்து நிலையத்தில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஜெனிவால், உங்க குடும்பத்துல ஆம்பளைன்னு நீதான் இருக்கே. உங்க அக்காவைப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

"எங்க அக்கா என்ன என் சொத்தா? அவளையே கேளுங்க அண்ணே."

"கேக்கலாம். மாட்டேன்னு சொல்லிட்டா அப்பறம் பக்கத்துல உக்காந்து எப்படி வாசிக்கிறது?"

சால்வடாரில் அவர் தங்கை வீட்டில் தங்கியதாக எழுதியிருந்தாய். அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். அமான்சியோ அண்ணனுக்குத் தங்கையே கிடையாது.

உன் தம்பி,
ஜெனிவால்

---

கஷோய்ரா
அக்டோபர் 2, 1977

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் செப்டம்பர் முதல் வாரம் கிடைத்தது. கிட்டங்கிக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். படித்தேன். மடித்து மடியில் வைத்துக்கொண்டு மீதி இலையைப் பிரித்தேன். அன்று பிரித்த இலையெல்லாம் தரம் மாறிக் கிடந்ததாக மறுநாள் கங்காணி சத்தம் போட்டார். கையைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடிகிறது. நேரில் பார்க்கும்போது அழுதுகொள்கிறேன். குடிக்கிறாயா என்று கேட்டேனே, அதை மறந்துவிடு.

தங்கை இல்லை. உண்மைதான்.

உன் கடிதத்துக்கு முன்பே அவர் வந்துவிட்டார். ஃபெய்ராவில் கம்பி கிடைக்கவில்லை என்றார். உன் ஆலையின் பெயர் போட்ட கம்பளிச் சட்டை அவர் உடம்பில் இருந்தது. "ஃபெய்ராவுல இப்ப இவ்வளவு குளிரா?" என்று கேட்டேன். "காத்து அடிச்சுது" என்றார். விட்டுவிட்டேன். உன் கடிதம் வரும் வரை தினமும் ஃபெய்ரா எப்படி இருந்தது என்று விசாரித்தேன். தினமும் ஏதாவது சொன்னார். ஒரு நாள் அங்கே சந்தையில் பார்த்த குதிரையைப் பற்றிக்கூடச் சொன்னார்.

கடிதம் வந்த பிறகும் நான் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் கேட்கவில்லை. தயங்கிக்கொண்டு வருவார், உட்காருவார், வேறு ஓடு ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார், போவார். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. என்னைக் கேட்க வேண்டியதை உன்னைக் கேட்க ஒருவர் நாட்டின் பாதி தூரம் போய் வருவார், அடுத்த தெருவுக்கு வர மாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை கோஸ்மே தமியான் திருநாள். ஹொசாலியா வீட்டில் வெண்டைக்காய்க் கருரு விருந்து. முதலில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பிறகு பெரியவர்கள், பிறகு சம்பா. தெரு முழுக்க ஆட்கள். தட்டை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு நான் வட்டத்துக்குள் போனேன். முழங்கால் அன்று என் பேச்சைக் கேட்டது. ஒரு சுற்று ஆடினேன். முறைப்படி அடுத்த பெண்ணை அழைக்க வேண்டும். அவள் தயாராக நின்றாள்.

வாசிப்பவர்களை வட்டத்துக்குள் யாரும் அழைப்பதில்லை. அது உனக்குத் தெரியும். நான் ஆடிக்கொண்டே அந்தப் பெண்ணைத் தாண்டிப் போனேன். அமான்சியோ நாற்காலிக்கு முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னா சுல்மீரா, பாட்டு மாத்தணுமா?" என்றார். நான் வயிற்றால் அவர் வயோலாவை இடித்தேன். ஊர் முழுக்கப் பார்க்க.

ரொட்டிக்கடைக்காரர்தான் முதலில் கத்தினார். பிறகு எல்லோரும் கத்தினார்கள். ஹொசாலியா, "எழுந்திருய்யா! அம்பது வருசமா உக்காந்தே கெடக்கே!" என்றாள். அவர் வயோலாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஜெனிவால், அவருக்கு ஆடத் தெரியாது. அத்தனை வருஷமாக வாசிக்கிறார், கால் பலகை மாதிரி நிற்கிறது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆடி முடித்த பிறகு அங்கேயே, எல்லோரும் பார்க்க, என்னைக் கேட்டார். சரி என்றேன். ஆனால் என் வீட்டை விட்டு நான் வர மாட்டேன், நீங்கள் வாருங்கள் என்றேன். அங்கே கூரை நன்றாக இருக்கிறது, தெரியும், என்றார்.

ஊர் பேசுகிறது. தெயோடோரோவின் அக்கா என்னோடு பேசுவதில்லை. போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம்.

சாப்பிடு. கையை ஈரத்தில் வைக்காதே.

உன் அக்கா,
சுல்மீரா

---

சாவோ பெர்னார்டோ
அக்டோபர் 23, 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவருக்கும் என் வாழ்த்து. கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் உரக்கப் படித்தேன். வயிற்றால் இடித்த இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். தோனா இவோனி ஜன்னலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள். அடுப்பு அணைந்திருந்தது.

மேஸ்திரி நேற்றுக் கருவி அறைக்கு வந்து, "ஏய் பாயானோ, ஞாயித்துக்கிழமை உங்க முத்தத்துல என்னமோ நடக்குதாமே, நாங்க வரலாமா?" என்று கேட்டார். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாடு கொண்டுவாருங்கள் என்றேன். வருகிறாராம்.

டிசம்பரில் இரண்டு வாரம் லீவு. இந்த முறை எழுத்தில் வாங்கிவிட்டேன். வருவேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. படித்ததிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே பையன்களோடும் சண்டை போட்டாயிற்று. அமான்சியோ அண்ணன் வயோலாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஆடினார் என்று எழுதியிருக்கிறாய். ஊரில் வயோலாவுக்கு வேறு ஆள் கிடையாது. அப்போது வாசித்தது யார்?

உன் தம்பி,
ஜெனிவால்

---

கஷோய்ரா
நவம்பர் 6, 1977

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம்.

யாரும் வாசிக்கவில்லை. கைதட்டினார்கள். சாவோ ஃபெலிக்ஸ் வரை கேட்டதாம்.

சுல்மீரா